காலிக் குழாயில் வந்த வெளிச்சம்

எங்கள் கல்லூரியின் இயற்பியல் துறைக்குப் புதிதாக ஒரு பெட்டி வந்திருக்கிறது. தையல் மெஷின் அளவுதான் இருக்குமாம். உள்ளே மாதிரியை வைத்து மூடிப் பொத்தானை அமுக்கினால் போதும். ஒளி வாங்கிய மூலக்கூறு எவ்வளவு நேரம் அதைத் தாங்கி நின்றது என்று அதுவே கணக்குப் போட்டுத் திரையில் காட்டிவிடுமாம். அந்தப் பெட்டியை வைக்க எங்கள் பழைய இருட்டு அறையை ஒழித்திருக்கிறார்கள். ஒழிக்கும்போது, முன்பு இதற்குள் என்னதான் நடந்தது என்று கேட்டு, துறை மலருக்கு எழுதி வாங்க இரண்டு பிள்ளைகள் மாப்பிள்ளையூரணியில் என் வீட்டைத் தேடி வந்தார்கள்.

"ஒரு பக்கம் போதும் பாட்டி" என்றான் ஒருவன்.

"வேலை பாத்தது பூராவும் இருட்டுக்குள்ள. அத வெளிச்சத்துக்குக் கொண்டாரதுக்கு ஒரு பக்கம் காணுமாடே?" என்றேன். சிரித்துக்கொண்டே போனார்கள். நான் எழுத உட்கார்ந்துவிட்டேன். நான் படித்தது ஐந்தாம் வகுப்பு. எழுத்துக் கூட்டி எழுதுவேன், நிதானமாக எழுதுவேன். ஒற்று விட்டுப்போனால் என் மகள் போட்டுக்கொள்வாள். விஷயம் விட்டுப்போகாது, அதற்கு நான் பொறுப்பு.

முதலில் நான் வேதியியல் துறையில் பெருக்கித் துடைக்கத்தான் சேர்ந்தேன். கண்ணாடிச் சாமான் எதையும் உடைக்காதவள் என்று பெயர் எடுத்தேன். இயற்பியல் துறையில் இருட்டு அறைக்கு உதவியாளராக இருந்தவர், இருட்டில் மூச்சு முட்டுகிறது என்று மாற்றல் வாங்கிப் போனதும், அந்த இடத்துக்கு என்னை அனுப்பினார்கள். இதற்கு மேல் என் பயிற்சியைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை. சங்கரலிங்கம் சாரிடம் வேலை பார்ப்பதே பயிற்சிதான்.

சார் ஆற்றுப் பாசனத்து நெல் வயல்காரர். வெள்ளைச் சட்டை, மடிப்புக் கலையாத வேட்டி. ஆய்வகத்துக்குள் மட்டும் கால்சட்டை. சாதாரண நாளில் "ஏளா கனி, பம்பப் போடு" என்பார். கோபம் வந்துவிட்டால் மரியாதை ஏறிவிடும். "சண்முகக்கனி அம்மா, சிரமம் பார்க்காமல் அந்தப் பம்பைப் போடுகிறீர்களா?" என்பார். 'அம்மா' காதில் விழுந்ததும் ஆளாளுக்கு ஒரு வேலையை இழுத்துப்போட்டுக்கொள்வோம். ஆராய்ச்சி மாணவர்கள் காலையில் என்னிடம் கேட்பது ஒரே கேள்விதான்: "யக்கா, இன்னைக்கு நீங்க கனியா, அம்மாவா?"

நாங்கள் அங்கே என்ன செய்தோம் என்று என் வீட்டுக்காரருக்கே கடைசிவரை புரியவில்லை. அவர் துறைமுகத்தில் லாரி ஓட்டினார். ஏற்றுவதும் இறக்குவதும் கண்ணுக்குத் தெரிகிற வேலை. "வெளிச்சம் அணையிற நேரத்த அளக்கீகளா? அதுக்குச் சம்பளமும் குடுக்கானா? பேசாம அணைச்சிட்டு வீட்டுக்கு வாளா" என்பார்.

அவரிடம் சொல்வதற்காகத்தான் ஒரு நாள் சாரிடமே கேட்டேன். சார் நாற்காலியைத் திருப்பிப்போட்டு உட்கார்ந்தார். சந்தேகம் கேட்பவர் யாராக இருந்தாலும் அவருக்குச் சந்தோஷம்தான்.

"முத்துக்குளிக்கப் போறவங்க இருக்காங்கல்லா? ஒரே நேரத்துல நெறையப் பேரு கடல்ல முங்குறாங்க. எவன் எப்ப வெளிய வருவான்னு சொல்ல முடியாது. ஆனா உள்ள இருக்கிறவங்க எண்ணிக்க எந்த வேகத்துல கொறையும்னு சொல்லிரலாம். அந்தக் கணக்குதான் இது. லேசர் வெளிச்சம் பட்டதும் மூலக்கூறு மேல ஏறிரும். கொஞ்ச நேரம் நிக்கும். அப்புறம் வாங்குன ஒளிய விட்டுட்டு எறங்கிரும்."

"ஏறுதுன்னு சொல்லுதீக, முங்குறவன உதாரணம் காட்டுதீகளே சார். ஏறி எறங்குறது பனையேறில்லா?" என்றேன். நான் பனங்காட்டுக்காரி, விட்டுக்கொடுக்க முடியுமா?

அப்போது அங்கே இருந்தவள் அமலி. தருவைகுளத்துப் பெண், அப்பா கடலுக்குப் போகிறவர். சாரிடம் முனைவர் பட்டத்துக்கு ஆராய்ச்சி செய்துகொண்டிருந்தாள். "சார் சொன்னதுதான் சரி. மூச்சப் பிடிச்சு நிக்கதுக்குக் கடல்காரன்தான் பொருத்தம்" என்று கடல் பக்கம் சாய்ந்தாள்.

"சரி, பனையாவே இருக்கட்டும்" என்று சார் இறங்கி வந்தார். "மேல ஏறுனது எந்தக் கிள வழியா எறங்கும், எந்தக் கிளைக்கு எவ்வளவு வாய்ப்பு, அதையும் நாம கண்டுபிடிக்கணும்."

"பனைக்கு ஏது சார் கிள?"

சார் எழுந்து நாற்காலியை நேராகத் திருப்பிப்போட்டார். "முருங்க மரம்னு வச்சிக்கோளா" என்று சொல்லிவிட்டுப் போனார். அதன் பிறகு அந்த அறையில் எல்லா மூலக்கூறும் முருங்கை மரத்தில்தான் ஏறியது.

எங்கள் வேலை நடக்கும் விதத்தை இங்கே சொல்லவேண்டும். புதுப் பெட்டிக்காரர்களுக்கு இது தெரிய வாய்ப்பில்லை.

காலையில் முதலில் பம்பு. ஒரு சாண் நீளமுள்ள கண்ணாடிக் குழாய் ஒன்று மேசையில் இறுக்கி நிற்கும். அதிலிருக்கும் காற்றையெல்லாம் பம்பு உறிஞ்ச வேண்டும். போட்ட புதிதில் சளி பிடித்த கிழவர் மாதிரிக் கரகரக்கும். காற்று குறையக் குறையத் தொண்டை தெளிந்து, கடைசியில் மெல்லிய முனகலாக வந்து நிற்கும். அடுத்து, பம்பின் எண்ணெய் ஆவி குழாய்க்குள் போகாமல் தடுக்க நடுவிலிருக்கும் கண்ணாடிப் பொறிக்குத் திரவ நைட்ரஜன் ஊற்றவேண்டும். அவசரப்பட்டு ஊற்றினால் சீறித் தெறிக்கும். தோசைக்கு மாவு ஊற்றும் நிதானம் வேண்டும். அது என் வேலை. வேறு யாரையும் ஊற்ற விடமாட்டேன்.

பிறகு ஜன்னல்கள். எங்கள் ஊரில் உப்புக் காற்று ஒரு பக்கம், காற்று திரும்பினால் துறைமுகத்து நிலக்கரித் தூள் ஒரு பக்கம். ஜன்னலைச் சாத்தி, இடுக்கில் துணி அடைத்து, மேலே கறுப்புத் திரையை இழுத்துவிடுவேன். ஒளியைப் பார்க்கும் கருவியை சார் 'கண்' என்பார். ஒற்றைத் துளி வெளிச்சத்தையும் அது உணரும். அறையில் விளக்கு எரியும்போது அதைத் திறந்துவிட்டால் கண் போய்விடும். அப்புறம் நமக்கும் 'அம்மா' பட்டம்தான்.

எல்லாம் தயாரானதும் குழாய்க்குள் துளி வாயு விடுவார்கள். அமலியின் வாயு நைட்ரஜன் டை ஆக்சைடு. செம்பழுப்பு நிறம், மூக்கைப் பிடுங்கும் நெடி. லேசர் டப், டப் என்று சொடுக்கும். ஒவ்வொரு சொடுக்குக்கும் கருவித் திரையில் பச்சைக் கோடு ஒன்று உச்சியில் தோன்றிச் சறுக்கு மரம்போலச் சரிந்து இறங்கும். அந்தச் சரிவை அளப்பதுதான் ஆராய்ச்சி. ஒரு நொடியைப் பத்து லட்சம் துண்டாக நறுக்கினால் வருமே, அந்தத் துண்டுகளில் சில பத்துதான் அந்த மூலக்கூறின் ஆயுசு.

வாயுவைக் கூட்டினால் ஆயுசு குறையும். கூட்டத்தில் ஒன்றை ஒன்று இடித்து, ஒளியை விடாமலே கீழே தள்ளிவிடும். அதனால் கூட்டத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்து அளந்து, இடிப்பதற்கு ஆளே இல்லாவிட்டால் அது எவ்வளவு நேரம் நிற்கும் என்று கணக்குப் போட்டு எடுப்பார்கள். இது எனக்குச் சுலபமாகப் புரிந்தது. டவுன் பஸ்ஸில் போகிற யாருக்கும் புரியும்.

சாருக்கு இரண்டு சட்டங்கள். ஒன்று, லேசரும் குழாயும் கண்ணும் நேர்க்கோட்டில் அமைந்த பிறகு குழாயை ஒருவரும் தொடக் கூடாது, துடைக்கக்கூட. இரண்டு, ஒவ்வொரு தொகுதி அளவையும் தொடங்கும்முன் வாயு விடாத காலிக் குழாயை அளக்கவேண்டும். காலியில் கோடு தரையோடு கிடக்க வேண்டும். அப்போதுதான் பிறகு வருவது வாயுவின் ஒளி என்று நம்பலாம்.

இந்த இரண்டு சட்டத்தையும் ஓர் ஆள் மீறினார். அவர் யார் என்பதுதான் இனிச் சொல்லப்போவது.

அமலிக்கு ஆராய்ச்சிக் காலம் முடிய ஒரு கோடைதான் மிச்சம் என்று இருந்த வருஷம். அந்த வாயுவை வெளிநாட்டில் ஏற்கெனவே அளந்து அச்சில் போட்டிருந்தார்கள். இவளுடைய அளவும் அதை ஒட்டியே வந்தது. பட்டம் வாங்க அது போதும்தான். ஆனால் மேற்கொண்டு வெளிநாட்டு ஆய்வகத்தில் இடம் கேட்க அதில் புதுசாக ஒன்றும் இல்லை. அந்தக் கவலையில் பிள்ளை இளைத்துப் போனாள். சாரும் வெளியே காட்டிக்கொள்ளாமல் இளைத்தார்.

ஆயுத பூஜை வந்தது. அதிலும் சாருக்கு ஒரு சட்டம்: "சந்தனம் குங்குமம் எல்லாம் மேசைக் காலுக்கும் பம்புக்கும்தான். கண்ணாடிப் பக்கம் ஒரு விரலும் போகப்படாது. சாமி காலோட நிக்கட்டும்." நானும் மேசைக் கால் நாலுக்கும் பம்புக்கும் பொட்டு வைத்து, பொரிகடலை படைத்து, கதவைப் பூட்டினேன்.

மறுநாள் விஜயதசமி. கருவியைத் தொட்டு வேலையைத் தொடங்கும் நல்ல நாள். அமலி வழக்கம்போலக் காலிக் குழாயை அளக்கத் தயாரானாள்.

"நல்ல நாளும் அதுவுமா காலிக் குழாயிலயா ஆரம்பிக்கது?" என்றார் சார். "அதான் பூசைக்கு முந்தி அளந்து வச்சிருக்கோம்லா? இன்னைக்கு நெறஞ்சத வச்சு ஆரம்பி."

வாசலில் நிறைகுடம் வைக்கும் ஊர் அது. ஒருவருக்கும் இது தப்பாகப் படவில்லை. வாயு விட்டாள். லேசர் சொடுக்கியது. திரையில் கோடு இரண்டாக உடைந்தது.

வழக்கமான சரிவுக்கு முன்னால், செங்குத்தாக ஒரு விழுகை. கிணற்றில் வாளி விழுந்த மாதிரி. அதன் பிறகுதான் பழைய சறுக்கு மரம். லேசர் ஒளியே சிதறி வருகிறதோ என்று கண்ணுக்கு முன்னாலிருக்கும் நிறக் கண்ணாடியை மாற்றிப் பார்த்தார்கள். அது இல்லை. திரும்பத் திரும்ப அளந்தார்கள். திரும்பத் திரும்ப விழுந்தது.

சார் திரையை விட்டு முகத்தை எடுக்கவே இல்லை. "ஏளா அமலி, ரெண்டு வழியா எறங்குது! இது வரைக்கும் யாரும் பாக்காத வழி!" என்றார். அன்று துறை முழுக்க, எங்கள் ஊர் முந்திரி இனிப்பான மக்ரூன் வாங்கிக் கொடுத்தார். முதல்வர் அறைக்கு அவரே தட்டோடு போனார். அடுத்த வாரமே கட்டுரை தட்டச்சாகிக்கொண்டிருந்தது. வெளிநாட்டிலிருந்த நண்பர் ஒருவரிடம் அமலிக்காகச் சொல்லியும் வைத்துவிட்டார்.

அமலி மட்டும் மக்ரூனைக் கையிலேயே வைத்திருந்தாள்.

சில நாள் கழித்துச் சாப்பாட்டு நேரத்தில் என்னிடம் வந்து உட்கார்ந்தாள். "யக்கா, ஒண்ணு சொல்லுதேன், யார்ட்டயும் சொல்லாதீக."

"சோத்தத் தின்னுட்டுச் சொல்லு."

"தொண்டையில எறங்க மாட்டேங்கு. அந்த வேகமான விழுக இருக்குல்லா, வாயுவக் கூட்டினாலும் அப்படியே இருக்கு, கொறைச்சாலும் அப்படியே இருக்கு. பழைய சரிவு ஒழுங்கா மாறுது. இது மட்டும் அசையவே மாட்டேங்கு."

"பஸ்ஸுல எவ்வளவு கூட்டம் ஏறினாலும் இடிபடாம ஒருத்தன் நிக்கானா?"

"ஆமா. அப்படி ஒருத்தன் நின்னா என்ன அர்த்தம்?"

"பஸ்ஸுக்குள்ள இல்லன்னு அர்த்தம்" என்றேன், வேடிக்கையாகத்தான். அவள் சிரிக்கவில்லை. அவள் அதை எனக்கு முன்பே யோசித்துவிட்டிருந்தாள், சொல்லத்தான் பயம்.

"சார்ட்டச் சொல்ல வேண்டியதுதான?"

"சொன்னா எனக்கு வெளிநாடு போயிரும். சொல்லாட்டா தூக்கம் போயிரும். சார் எல்லார்ட்டயும் சொல்லிட்டாகளே யக்கா. மொதல்வர்ட்டக்கூட."

இரண்டு நாள் பொறுத்தாள். மூன்றாம் நாள் காலை சார் உள்ளே வந்ததும், "சார், ஒரு தடவ காலிக் குழாய அளந்துக்கிடட்டா?" என்று கேட்டுவிட்டாள்.

"ஏற்கெனவே அளந்ததுதானே?"

"பூசைக்கு முந்தி சார்."

"பூசையில குழாய்க்குள்ள என்ன நுழஞ்சிரப் போகுது?"

"ஒண்ணும் நுழையாதுன்னு காட்டத்தான் சார்."

சார் வழிவிட்டு ஒதுங்கினார். பிறகு, "செய்யுங்கள், அமலி அவர்களே" என்றார். பம்பைப் போட்டேன். கரகரப்பு தெளிந்து முனகலாக வரும்வரை மூவரும் நின்றோம். குழாயில் ஒன்றுமில்லை. லேசர் சொடுக்கியது.

திரையில் கிணற்று வாளி விழுந்தது.

சறுக்கு மரம் இல்லை. விழுகை மட்டும் அப்படியே இருந்தது. காலிக் குழாயிலிருந்து வெளிச்சம் வந்துகொண்டிருந்தது. சார் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். அமலி அழவில்லை. பக்கத்துத் துறைக்குப் போய், கையில் பிடிக்கும் புற ஊதா விளக்கை வாங்கி வந்தாள். "யக்கா, கறுப்புத் திரைய இன்னும் நல்லா இழுத்து விடுங்க" என்றாள். லேசரை நிறுத்தி, கண்ணுக்கு மூடி போட்டு, இருட்டில் விளக்கைக் குழாயை ஒட்டிக் கொண்டுபோனாள்.

ஒளி உள்ளே நுழையும் கண்ணாடியின் வெளிமுகத்தில், பெருவிரல் அகலத்துக்கு, மஞ்சளும் பச்சையுமாக ஒரு தீற்றல் மின்னியது. பகலில் பார்த்தால் ஒன்றுமே தெரியாது. இருட்டில் அதைப் பார்க்க அழகாகத்தான் இருந்தது.

"சண்முகக்கனி அம்மா" என்றார் சார்.

பூஜை போட்டவள் நான். சந்தனக் கிண்ணம் என் கையில் இருந்தது. அந்த இருட்டில் அவர் முகம் தெரியாவிட்டாலும் சொல்ல வருவது தெரிந்தது.

"நான் கண்ணாடியத் தொடல சார். மேசக்கால் நாலு, பம்பு ஒண்ணு. அதோட கதவப் பூட்டிச் சாவிய உங்க கையில குடுத்தேன்."

சாவி என்றதும் சாருக்கு இருமல் வந்தது. ஆய்வகத்துக்குள் அவர் இருமி நான் கேட்டதே இல்லை.

அதற்குள் அமலியின் கை விளக்கோடு கீழே நகர்ந்தது. குழாயைத் தாங்கும் இரும்புத் தண்டில், மங்கலான நீல நிறத்தில் சின்னதாக ஒரு சிலுவை தெரிந்தது. இப்போது அமலிக்கு இருமல்.

"இது என்னளா?" என்றேன்.

"எங்கம்மா, மாதா கோயில்ல மந்திரிச்ச எண்ணெயக் குடுத்து விட்டா. தண்டுலதான் வச்சேன் யக்கா, கண்ணாடியில இல்ல."

நான் போய்த் திரையை விலக்கினேன். சார் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்; காது இரண்டும் சிவந்திருந்தன. "தண்டுல வச்சது ஒளி போற பாதையில இல்ல. அதனால தோசமில்ல" என்று அமலிக்குத் தீர்ப்புச் சொன்னார். பிறகு மெதுவாக, "அன்னைக்கு சாயந்திரம் நான் திரும்ப வந்தேன்" என்றார்.

அமலியின் காலம் முடியப்போகிறதே, நல்ல முடிவு ஒன்று வரட்டுமே என்று, பூட்டிய கதவைத் திறந்து, எல்லோரையும் தொடாதே என்று கண்டித்தவரே தன் கையால் கண்ணாடியில் ஒரு பொட்டு வைத்திருக்கிறார். மறுநாள் விடிந்ததும் வெட்கப்பட்டு வந்து பெருவிரலால் துடைத்தும் விட்டிருக்கிறார்.

"தொடச்சிட்டேன்" என்றார்.

"கடையில விக்கிற சந்தனம் பூராவும் மஞ்சதான் சார். மஞ்ச தொடச்சாப் போகுமா?"

"கண்ணுக்குத் தெரியலையே கனி."

'கனி' என்றதும் எனக்கு உயிர் வந்தது. அவர் என் மேல் பழி போட வாயெடுத்ததை ஓய்வு பெறும்வரை சொல்லிக்காட்டினேன். இப்போதும் ஆற்றுக்கரை ஊரில் இருக்கும் அவரிடம், இதை எழுதலாமா என்று போனில் கேட்டேன். "எழுது. ஆனா நான் தொடச்சேன்கிறதையும் சேத்து எழுது" என்றார். எழுதிவிட்டேன்.

அன்றைக்கு நடந்த ஒரு காரியத்துக்காகத்தான் அமலியை நான் மெச்சுவேன். சார் பஞ்சையும் எரிசாராயத்தையும் எடுத்துக் கண்ணாடியைத் துடைக்கப் போனபோது அவள் தடுத்தாள். "பொறுங்க சார். இது மஞ்சதான்னு நாம சொல்லுதோம். அளந்து பாப்போம்" என்றாள். வேறொரு சின்னக் கண்ணாடித் துண்டில் பூஜைச் சந்தனத்தைத் தொட்டு வைத்து, பெருவிரலால் துடைத்து, லேசருக்கு முன்னால் நிறுத்தினாள். அதே வாளி, அதே கிணறு. இரண்டு கோட்டையும் ஒன்றன்மேல் ஒன்று வைத்தால் ஒரு மயிரிழை விலகவில்லை. அதன் பிறகுதான் கழுவ விட்டாள்.

கட்டுரை போகவில்லை. சார் முதல்வர் அறைக்கு மறுபடி நடந்து போனார். இந்த முறை தட்டு இல்லை. அமலி அன்றிலிருந்து கோடை முடியும்வரை எல்லா அளவையும் முதலிலிருந்து எடுத்தாள். ஒவ்வொரு நாளும் காலிக் குழாயில்தான் தொடங்கினாள். வெளிநாட்டு நண்பருக்கு சார் என்ன எழுதினாரோ தெரியாது. அங்கிருந்து பதில் வரவில்லை. ஆய்வேட்டில் நடந்ததை இரண்டு வரியில் முடித்தாள்: 'குழாய்க் கண்ணாடியின் வெளிமுகத்தில் படிந்த அழுக்கால் ஒரு தொகுதி அளவைகள் கெட்டன, அவை நீக்கப்பட்டன.' இரண்டு கோடும் ஒன்றன்மேல் ஒன்று விழுந்த அந்தச் சந்தனப் படத்தை அதில் சேர்க்கவில்லை. சார் பெயர் அடிபடக் கூடாது என்று என்னிடம் மட்டும் சொன்னாள். சார் சேர்க்கச் சொல்லவும் இல்லை, வேண்டாம் என்று தடுக்கவும் இல்லை. அந்த மௌனத்தில் இரண்டு பேருமே சங்கடப்பட்டார்கள்.

வாய்மொழித் தேர்வு நாள். யாரும் வந்து கேட்கலாம். அமலியின் அப்பா சலவைச் சட்டை போட்டு, தருவைகுளத்திலிருந்து விடிகாலையிலேயே வந்து கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்தார். காபி கொடுக்கும் வேலை என்னுடையது என்பதால் அவருக்குப் பக்கத்தில் நின்றேன். நடந்தது ஆங்கிலத்தில். எனக்குப் புரிந்தது பாதி. மீதியை அமலி பிறகு சொன்னாள்.

வெளியூரிலிருந்து வந்த தேர்வாளர் ஒல்லியான மனிதர். மூக்குக் கண்ணாடியை நெற்றியில் ஏற்றிக்கொண்டு கேட்டார். எல்லாம் நல்லபடியாகப் போய்க்கொண்டிருந்தது. அந்த இரண்டு வரிக்கு வந்தார்.

"அழுக்கு என்று எழுதியிருக்கிறீர்கள். என்ன அழுக்கு?"

"வெளியிலிருந்து வந்த படிவு, ஐயா."

"அது தெரிகிறது. என்ன பொருள்?"

அமலி முன் வரிசையைப் பார்த்தாள்.

"என்ன அழுக்கு என்று தெரியாவிட்டால், அது போய்விட்டது என்று எப்படித் தெரியும்? மற்ற அளவைகளிலும் அது கொஞ்சம் ஒட்டிக்கொண்டிருக்கலாம் அல்லவா? அப்படியானால் இந்த ஆயுசுக் கணக்கு முழுவதையும் நான் எதை வைத்து நம்புவது?"

அவர் கேட்டது நியாயம். அமலியின் கை மேசைக்குக் கீழே இருந்த பையின்மேல் போய் நின்றது. சந்தனப் படம் அதற்குள்தான் இருந்தது. எடுத்தால் பட்டம், கூடவே, யார் வைத்தது என்ற கேள்வியும் வரும். முன் வரிசையில் முதல்வர், மற்ற துறைத் தலைவர்கள், நடுவில் சார். அவள் பையைத் திறக்கவில்லை.

"பிள்ள ஏன் பேச மாட்டேங்கா?" என்றார் அவள் அப்பா என் காதில்.

"இருங்க அண்ணாச்சி."

"பதில் தெரியலையா?"

"தெரியும். அதான் பேசல."

தேர்வாளர் பேனாவை மூடி வைத்தார். அந்த மூடி போடும் சத்தம் எனக்குக் கேட்டது. அப்போது முன் வரிசையில் சார் எழுந்தார். சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டார். ஆங்கிலத்தில் ஒரு வார்த்தை தொடங்கினார், அது வரவில்லை. தமிழிலேயே சொன்னார்.

"அது மஞ்சள் கலந்த சந்தனம். ஆயுத பூஜை அன்னைக்குக் கண்ணாடியில வச்சவன் நான். மறுநாள் காலிக் குழாய அளக்க வேண்டாம்னு சொன்னவனும் நான். இந்தப் பிள்ளதான் கண்டுபிடிச்சா. ஏளா அமலி, அந்தப் படத்த எடுத்துக் காட்டுளா."

சபையில் ஒருவரும் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால்கூடப் பரவாயில்லை என்று எனக்கு இருந்தது. அமலி பையைத் திறந்து இரண்டு கோட்டையும் ஒன்றன்மேல் ஒன்றாக வைத்துக் காட்டினாள். தேர்வாளர் அதை வாங்கி, ஜன்னல் பக்கம் கொண்டுபோய் வெளிச்சத்தில் பிடித்தார். வெகு நேரம் பார்த்தார். திரும்பி வந்து, சந்தனத்தின் ஆயுசு எவ்வளவு என்று கேட்டார். அமலி சொன்னாள். அதில் பிழை எவ்வளவு இருக்கலாம் என்றார். அதையும் சொன்னாள். "இதை ஏன் ஆய்வேட்டில் போடவில்லை? இதில் இருக்கிறதிலேயே நன்றாக அளந்தது இதுதான்" என்றார். அப்போதுதான் சபை சிரித்தது. முதலில் சிரித்தது சார்.

கேட்க வந்த எங்களை வெளியே அனுப்பி, தேர்வாளரும் துறைத் தலைவர்களும் கதவைச் சாத்திக்கொண்டு உள்ளே பேசினார்கள். தாழ்வாரத்தில் அமலியின் அப்பா என் முன்னால் வந்து நின்றார்.

"தங்கச்சி, அந்தப் பெரியவரு எதுக்கு எந்திரிச்சாரு?"

"ஒங்க பொண்ணுக்குச் சாட்சி சொல்ல."

"சாட்சியா? அவ என்ன தப்புப் பண்ணுனா?"

"அவ பண்ணல அண்ணாச்சி. பண்ணுனது அவருதான்."

அவர் யோசித்தார். கடல்காரர்கள் யோசிக்கும்போது தூரத்தில் பார்ப்பார்கள். தாழ்வாரத்தில் தூரம் இல்லாததால் சுவரைப் பார்த்தார்.

"தப்புப் பண்ணுன ஆளே சாட்சி சொன்னா, அது செல்லுமா?"

உள்ளே கைதட்டும் சத்தம் கேட்டது.

"செல்லிட்டு அண்ணாச்சி" என்று சொல்லிவிட்டு, காபித் தட்டைத் தூக்கிக்கொண்டு உள்ளே போனேன்.